வலைப்பைக்குள் கிடந்த வாக்குகள்

1. பதினேழாம் இலக்கம்

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே ஓர் ஒஸ்திரிய விளையாட்டு வீரனைச் சட்டை மாட்டும் கொழுவி இல்லாமல் நிற்க வைத்துவிட்டேன். உடுப்பு மாற்றும் அறையில் எல்லோருக்கும் சட்டை தொங்குகிறது, அவனுக்கு மட்டும் இல்லை. பாவம், உள்ளாடையோடு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனுடைய இலக்கம் பதினேழு. அந்தச் சட்டையை நான் பின்னறையில் ஒரு பெட்டிக்குள் மடித்து ஒளித்து வைத்திருந்தேன்.

நான் வேலை செய்த இடம் பலெர்மோ நகரத்தின் விளிம்பில், மலையடியில் இருந்த ஒரு விளையாட்டு மையம். இரண்டு புல் மைதானம், வீரர்கள் தங்க ஒரு கட்டடம், கீழே நிலவறையில் சலவை அறை. வன்னியில் போர் முடிந்து இரண்டு வருடத்தில் இங்கே வந்து சேர்ந்தேன். கொஞ்சக் காலம் படிக்கட்டுத் துடைத்து, கொஞ்சக் காலம் மீன் பெட்டி தூக்கி, கடைசியில் இந்த மையத்தில் உடுப்பு அறைக்குப் பொறுப்பாளராக ஒரு வேலை கிடைத்தது. கொன்றாத்தோவும் கிடைத்தது. கையெழுத்து வைத்த வேலை ஒப்பந்தத்தைத்தான் இங்கே நாங்கள் எல்லோரும் கொன்றாத்தோ என்கிறோம். அது இருந்தால்தான் பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதி, பெர்மெஸோ இருந்தால்தான் இந்த நாட்டில் நாங்கள். இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஒஸ்திரியாவில் மாரி காலத்தில் மைதானமெல்லாம் பனி மூடிவிடும். அதனால் போட்டிகளை நிறுத்திவிட்டு, கழகங்கள் சூடான இடம் தேடிப் பயிற்சிக்குப் போகும். அங்கேயிருந்து எங்கள் மையத்துக்கு ஒவ்வொரு மாரியும் ஒரே உதைபந்தாட்டக் கழகம்தான் வந்தது. பெரிய பேர் இல்லாத கழகம், ஆனால் முழுநேர வீரர்கள். அங்கே இரண்டாம் பிரிவில் விளையாடினார்கள்.

மைய முகாமையாளர் சல்வோ. சிசிலிக்காரன், நல்லவன், பயந்தவன். அவன்தான் எனக்கு முதல் பாடம் சொன்னான். இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், அப்போதுதான் வாசிக்கிறவர்களுக்கு விளங்கும்.

"டேய் ரவி, பதினேழை வெளியிலை தொங்கவிடாதை. அது செத்தவங்கட இலக்கம். போன தடவை வந்த ரீமிலை ஒருத்தன் அதைப் போட்டுத்தான் முழங்காலை உடைச்சவன்."

நான் புது ஆள், ஓம் என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்க ஒழுங்கில் எல்லாச் சட்டையையும் தொங்கவிட்டுப் பதினாறுக்கு அடுத்ததாகப் பதினெட்டை வைத்தேன்.

கெர்லின்டே உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்தார். கழகத்தின் உடுப்புகளுக்கும் பந்துகளுக்கும் சப்பாத்துகளுக்கும் பொறுப்பான பெண் அவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், கட்டைத் தலைமயிர், கையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல். அவருக்கும் இத்தாலியன் அரைகுறை, எனக்கும் அரைகுறை. இரண்டு அரையும் சேர்ந்து எப்படியோ ஒரு முழுக் கதை நடந்தது.

"இதென்ன, பள்ளிக்கூட வரவுப் பதிவே?" என்று கேட்டார். பிறகு நான் ஒளித்த பதினேழையும் கேட்டு வாங்கி, எல்லாச் சட்டையையும் கழற்றி வேறு ஒழுங்கில் தொங்கவிட்டார். கதவடியில் முதல் கொழுவி, கழகத்தில் ஆகக் கூடின காலம் இருந்தவனுக்கு. அதற்கடுத்தது அவனுக்குப் பின் வந்தவனுக்கு. நேற்றுத்தான் வந்து சேர்ந்தவன், அவன் எவ்வளவு பெரிய விளையாட்டுக்காரனாக இருந்தாலும், குளியலறைப் பக்கத்துக் கடைசிக் கொழுவியில். பதினேழாம் இலக்கக்காரன் ஆறாவது கொழுவியில் போய் நின்று சிரித்தான். சல்வோ வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டான்.

2. மூடிய வலைப்பை

உடுப்புத் தோய்க்கிறது என்றால் மெசினுக்குள் போட்டு எடுக்கிறதுதானே என்று என் மனைவி சுமதி கேட்பாள். அவள் அப்போது ஒரு சிஞ்ஞோராவை, வயதான இத்தாலியப் பெண்மணியை, வீட்டில் பார்த்துக்கொள்கிற வேலை செய்தாள். அவளுக்குத் தெரிந்த உடுப்பு ஒரு கிழவியின் உடுப்பு. இங்கே இருபத்தைந்து பேருக்கு மேல். காலையில் ஒரு பயிற்சி, பின்னேரம் ஒரு பயிற்சி. ஒவ்வொரு பயிற்சிக்கும் சேர்ட், காற்சட்டை, காலுறை, மேலே போடுகிற ஜாக்கெற். எங்கள் மலையடி மண் சிவப்பு. மழை பெய்தால் அது துணிக்குள் போய்க் குடியிருக்கும். முதலில் பச்சைத்தண்ணீரில் ஒரு ஓட்டம், பிறகு நாற்பது டிகிரியில் ஒரு ஓட்டம், பிறகு டிரையர். நிலவறைக்கு ஜன்னல் இல்லை. மாரி காலத்திலும் முதுகு வியர்த்து ஊற்றும், மேலே வந்தால் குளிர் பிடிக்கும். அந்த வேலையில் வந்த இருமல் இன்னும் போகவில்லை.

இத்தாலியக் கழகங்கள் வந்தால் உடுப்பைக் குவியலாக எறிந்துவிட்டுப் போவார்கள். நான் ஒவ்வொரு பொக்கற்றையும் பார்த்து, திறப்பு, சில்லறை, சுவிங்கம் எல்லாம் எடுத்துவிட்டுத்தான் மெசினில் போடுவேன். ஒஸ்திரியர்கள் அப்படி இல்லை. ஒவ்வொருவனுக்கும் இலக்கம் போட்ட ஒரு வெள்ளை வலைப்பை. கழற்றுகிற உடுப்பை அவனே அதற்குள் போட்டு, வாயை இழுத்து, பிளாஸ்ரிக் கிளிப்பால் மூடிவிடுவான். அந்தப் பை அப்படியே மெசினுக்குள் போய், அப்படியே டிரையருக்குள் போய், அப்படியே அவனுடைய கொழுவிக்குத் திரும்பி வரும். ஒருவனுடைய காலுறை இன்னொருவனிடம் போகாது.

கெர்லின்டே எனக்குச் சொன்ன சட்டம் ஒன்றுதான். மூடின வலைப்பையை நாங்கள் திறக்கக் கூடாது.

முதல் மாரியே ஒரு பொடியன் காதில் மாட்டும் வயரைப் பொக்கற்றில் விட்டுவிட்டான். அது வெளுத்துப்போய் வெளியே வந்தது. என்னிடம் வந்து கத்தினான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கெர்லின்டே இடையில் புகுந்தார்.

"கிளிப்பைப் போட்டது ஆர்?"

"நான்தான்."

"அப்ப ரவியோடை என்ன கதை? மூடினவன் நீ. போ."

வன்னியிலும் சரி இத்தாலியிலும் சரி, என் பக்கம் நின்று ஒருவர் இப்படிக் கதைத்ததை நான் அதற்கு முன் அதிகம் கண்டதில்லை. அன்றிலிருந்து அந்தக் கழகத்தின் வேலை என்றால் நான் கொஞ்சம் கூடக் கவனம் எடுத்தேன் என்பது உண்மை.

3. றெயில்வேக்காரரின் கழகம்

உடுப்பு மடிக்கும்போது கதைக்க நிறைய நேரம் இருக்கும். கழகத்தின் கதை முழுவதையும் துண்டு துண்டாக அப்படித்தான் கேட்டேன்.

ஒரு சின்ன நகரம். றெயில் எஞ்சின் திருத்துகிற பெரிய வேலைத்தலம் ஒன்று அங்கே இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள்தான் கழகத்தைத் தொடங்கினார்கள். மைதானம் தண்டவாளத்தை ஒட்டி. பந்து வெளியே போனால் சரக்கு வண்டிப் பெட்டிக்குள் விழுந்து அடுத்த நகரத்துக்குப் போய்விடுமாம். இதைச் சொல்லும்போது மட்டும் கெர்லின்டே வாய்விட்டுச் சிரிப்பார். கழகத்தின் நிறம் பச்சையும் வெள்ளையும். வேலைத்தலத்தில் மிச்சமாகக் கிடந்த பெயின்ற் அந்த இரண்டும்தான்.

பிறகு கழகம் வளர்ந்தது, முழுநேர வீரர்கள் வந்தார்கள், மேல் பிரிவுக்குப் போனார்கள். அதன்பின் ஒரு தலைவர் ஏலாத செலவெல்லாம் செய்து கழகத்தை மூழ்கடித்தார். விளையாட அனுமதி பறிபோனது. ஆகக் கீழ்ப்பிரிவில், கிராமத்து ரீம்களோடு, மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்து மைதானங்களில் திரும்பத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் சம்பளம் இல்லாமல் உடுப்புத் தோய்த்தது கெர்லின்டேயின் தாய். மேலே ஏறி வரப் பல வருடம் பிடித்தது.

கழகத்தின் அமைப்பைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முழுநேர ரீமை ஒரு கொம்பனி நடத்துகிறது. ஆனால் அந்தக் கொம்பனியின் பெரும்பங்கு கழகத்தின் கையில். கழகம் உறுப்பினர்களின் கையில். தலைவரைப் பொதுக்கூட்டத்தில் தெரிவு செய்கிறார்கள். தலைவருக்கும் ஒரு வாக்கு, புல்லு வெட்டுகிறவனுக்கும் ஒரு வாக்கு. உதைபந்தாட்டம் மட்டுமல்ல, சின்னப் பிள்ளைகள் பிரிவு, பெண்கள் பிரிவு, செஸ் பிரிவு, மரக்கட்டைகளைப் பந்து உருட்டி விழுத்துகிற கிழவர்களின் பிரிவு எல்லாம் உண்டு. பொதுக்கூட்டத்தில் எல்லோரும் பயப்படுவது அந்தக் கட்டை விழுத்துகிற கிழவர்களுக்குத்தானாம்.

"எங்கடை ஆக்களும் இப்பிடித்தான்," என்றேன். "இஞ்சை பலெர்மோவிலை எங்கடை விளையாட்டுக் கழகத்தின்ரை பொதுக்கூட்டத்திலை, சோத்துப் பாசலுக்கு முட்டை போட்டதோ போடேல்லையோ எண்டு ரெண்டு மணித்தியாலம் அடிபாடு."

"அப்ப உமக்கு விளங்கும்," என்றார் கெர்லின்டே.

இன்னுமொரு வழக்கம் இருந்தது. அதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும், பிறகு நடந்ததெல்லாம் அதனால்தான். றெயில்வேக்காரர் ஊரில் இருப்பது குறைவு. இன்றைக்கு ஒரு நகரம், நாளைக்கு எல்லைக்கு அப்பால். கூட்டம் நடக்கும்போது பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள். அதனால் தொடக்கத்திலேயே யாப்பில், அதாவது கழகத்தின் சட்டவிதிகளில், எழுதிவிட்டார்கள்: கழகத்தின் வேலையாக வெளியே இருக்கிற உறுப்பினர்களிடம் வாக்குப்பெட்டி போக வேண்டும். பெட்டி என்பது பழைய தகரச் சாப்பாட்டுப் பெட்டி, மூடியில் ஒரு கீறல் வெட்டியது. கழகத்துப் பாரச் சாமான்களோடு அதுவும் ஒவ்வொரு மாரியும் பலெர்மோ வரும். பெரும்பாலும் அதற்குள் கெர்லின்டே ஊசியும் நூலும் வைத்திருப்பார்.

மூன்றாம் மாரி அவர் என்னையும் உறுப்பினராக்கினார். கழகத்தின் உடுப்பை மூன்று பருவம் தோய்த்தவர் கேட்டால் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய தாயின் காலத்தில் வந்த வழக்கமாம். நான் கேட்கவில்லை, அவரே கேட்டார். சுமதி வீட்டில் சிரித்து முடியவில்லை. "இத்தாலிக்காரன் உங்களுக்கு ஒண்டும் தரேல்லை, ஒஸ்திரியாக்காரன் வாக்குத் தந்திட்டான். இனி அங்கை போய் மாடு வளக்கலாம்."

4. சேர்ப்பு

நான்காம் மாரி வந்திறங்கியபோதே கெர்லின்டேயின் முகம் சரியில்லை. நானும் சரியில்லை. முழங்கால் வீங்கி, நாங்கள் குடியிருந்த சீசாப் பகுதியில் இருந்து வருகிற பஸ் அரை மணித்தியாலம் பிந்தி, ஒவ்வொரு நாளும் சல்வோவின் முகத்தைப் பார்க்கவே களைப்பாக இருந்தது.

விஷயம் இதுதான். கழகத்தின் பழைய மைதானம் இனி முழுநேரப் போட்டிக்குச் சரிவராது என்று மேலிடம் சொல்லிவிட்டது. விளக்கு போதாது, இருக்கை போதாது. பக்கத்து நகரத்துக் கழகத்திடம் புது மைதானம் இருந்தது, ஆனால் ரீம் பலவீனம். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினால் அனுமதி கிடைக்கும், மேல் பிரிவுக்கும் போகலாம். ஒஸ்திரியாவில் இப்படிச் சேர்ப்பது புதிதல்ல என்று சொன்னார்கள். இரண்டு ஊர்ப் பெயரும் ஒட்டிய கழகங்கள் அங்கே நிறைய உண்டாம். புதுப் பெயர், புது நிறம், ஒரே ஒரு நிர்வாகம், ஒரே ஒரு உடுப்பு அறை.

அந்த உடுப்பு அறையின் பொறுப்புக்கு அந்தப் பக்கத்து நகரத்தின் ஆள் ஒருவர் ஏற்கெனவே இருந்தார், கெர்லின்டேக்கு இடமில்லை. அந்தக் கழகம் மாரி காலத்தில் துருக்கிக்குத்தான் போகும், பலெர்மோவுக்கு அல்ல.

வீரர்கள் சேர்ப்பை விரும்பினார்கள். ஏன் விரும்பமாட்டார்கள்? மேல் பிரிவு என்றால் அவர்களுக்கு வாழ்க்கை. சாப்பாட்டு மேசையில் வெளிப்படையாகவே கதைத்தார்கள். கப்டன் லூக்காஸ் எனக்கே கைபேசியில் புது மைதானத்தின் படத்தைக் காட்டினான். அழகான மைதானம்தான், பொய் சொல்லக் கூடாது.

சல்வோ என்னைக் கூப்பிட்டு இருத்தினான்.

"ரவி, நான் உனக்கு மறைக்கேல்லை. இவையள் வராட்டி மாரியிலை சலவை அறையைப் பூட்டத்தான் வேணும். முதலாளி சொல்லிப்போட்டார். உன்ரை கொன்றாத்தோ பங்குனியோடை முடியுது. நான் என்ன செய்ய?"

"என்ரை பெர்மெஸோவும் அப்பத்தான் முடியுது சல்வோ."

"தெரியும். பெர்மெஸோ குடுக்கிற குவெஸ்தூராப் பொலிசிலை எனக்கொரு மச்சான் கூட இல்லை. இருந்தால் கதைச்சிருப்பன்."

அவனிலும் பிழையில்லை. வீட்டுக்குப் போய்ச் சுமதிக்குச் சொன்னேன். அவள் பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றாள். எங்கள் இரண்டு பேரின் கடதாசியும் என்னுடைய கொன்றாத்தோவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்த்த சிஞ்ஞோரா பதிவில்லாமல்தான் அவளை வைத்திருந்தார்.

விசேட பொதுக்கூட்டம் அங்கே, கழகத்து ஊரில், பின்னேரம். சேர்ப்பு நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். எங்களிடம் இருக்கிற பெட்டியை அன்று பின்னேரம் ஆறு மணிக்கு மூடி, இங்கேயே எண்ணி, தொலைபேசியில் அங்கே சொல்ல வேண்டும். காலைச் சாப்பாட்டோடு, வீரர்கள் உட்பட உறுப்பினர் எல்லோருக்கும் ஆளுக்கொரு நீலச் சீட்டுக் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று.

நான் கழகத்துச் சாமான்கள் வைக்கிற பெட்டியறைக்குப் போய், சப்பாத்துகளுக்கு நடுவில் நின்று, 'வேண்டாம்' என்பதற்கு நேரே கோடு போட்டேன். கை நடுங்கியது. வன்னியில் எனக்கு வாக்குப் போடும் வயது வந்தபோது வாக்குப் போடுகிற நிலைமை அங்கே இருக்கவில்லை. பிறகு முகாமுக்குள் இருந்தபோது எங்களை எண்ணினார்களே தவிர எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. இத்தாலியில் நான் வெளிநாட்டவன். வாழ்க்கையில் முதல் வாக்கை, பார்த்தேயிராத ஓர் ஊரின் கழகத்துக்காக, ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டேன். சிரிக்கலாம். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

5. கண்ணாடிக்குப் பின்னால்

பின்னேரப் பயிற்சி முடிந்து வலைப்பைகள் கூடைகளில் கீழே வந்தன. மழை நாள், எல்லாம் சேறு. வழக்கம்போல முதல் மெசினை நிரப்பினேன். கதவை அடித்து மூடினேன். தூள் போட்டேன். அப்போதுதான் வட்டக் கண்ணாடிக்குள் பார்த்தேன். வலையோடு அழுந்தி ஒரு நீலக் கடதாசி தெரிந்தது.

குனிந்து வடிவாகப் பார்த்தேன். இன்னொரு பையில் ஜாக்கெற் பொக்கற்றில் இருந்து பாதி வெளியே ஒரு நீல நுனி. கூடையில் மிச்சம் கிடந்த பைகளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அதிலும் இருந்தது. எட்டோ ஒன்பதோ பைகளில். காலையில் சீட்டை வாங்கி ஜாக்கெற்றுக்குள் செருகிக்கொண்டு பயிற்சிக்கு ஓடினவர்கள், வந்து சேற்றோடு எல்லாவற்றையும் கழற்றி, கிளிப்பைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்கள். யாரும் பொக்கற்றைப் பார்க்காமல், பை மூடினபடியே தோய்கிற இந்த முறையில்தான் இப்படி ஒரு பிழை நடக்க முடியும்.

சுவரில் இருந்த மணிக்கூடு ஐந்து தாண்டியிருந்தது.

சீட்டில் என்ன கீறியிருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அவர்கள் கதைத்ததைக் கேட்டவன் நான். மெசினின் பச்சைப் பொத்தான் எனக்கு முன்னால். அமத்தினால் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு நாற்பது டிகிரி, ஒன்றரை மணித்தியாலத்தில் அந்தச் சீட்டெல்லாம் கூழ். எவரும் என்னைக் கேட்க முடியாது. மூடின பையைத் திறக்கக் கூடாது என்பது சட்டம், நான் போட்ட சட்டமும் அல்ல. சட்டப்படி நடந்தேன் என்று கெர்லின்டேக்கே முகத்தைப் பார்த்துச் சொல்லலாம்.

பெர்மெஸோ கண்ணுக்கு முன் வந்தது. சுமதி வந்தாள். குவெஸ்தூரா வாசலில் விடியப்புறம் நிற்கிற வரிசை வந்தது. திரும்ப மீன் பெட்டி தூக்க இந்த முழங்கால் விடாது என்பதும் வந்தது. நான் நல்லவன் என்று காட்ட இதை எழுதவில்லை. அமத்தத்தான் நினைத்தேன். விரல் பொத்தானில்தான் இருந்தது.

பிறகு எனக்கு என்னிலேயே ஒரு எரிச்சல் வந்தது. காலையில் நடுங்குகிற கையோடு ஒரு கோடு போட்டுவிட்டு, பின்னேரம் மற்றவனுடைய கோட்டை அவித்துப் போடுகிறதென்றால் காலையில் எதற்கு நடுங்கினேன்? கதவைத் திறந்தேன். பைகளை எல்லாம் கூடையில் போட்டு, படியில் ஒவ்வொன்றாய்க் கால் வைத்து மேலே கொண்டுபோனேன்.

கெர்லின்டே பெட்டியறையில் தனியே இருந்தார். மேசையில் தகரப் பெட்டி. கூடையை அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் வலைக்குள் நீலத்தைப் பார்த்தார்.

"திறந்தனீரோ?"

"இல்லை. மூடினபடிதான் கிடக்கு."

"அப்ப ஏன் கொண்டு வந்தனீர்? மூடின பை மெசினுக்குத்தானே?"

"அது காதிலை மாட்டுற வயருக்குச் சொன்னது. இது வயர் இல்லை."

அவர் சப்பாத்துப் பெட்டி ஒன்றில் போய் இருந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார்.

"ரவி, இதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு உமக்கு விளங்குதே?"

"விளங்குது. உங்கடை வேலையும் என்ரை வேலையும் கிடக்கு."

"நீர் கொண்டு வராட்டி எனக்குத் தெரிஞ்சிராது. இப்ப தெரிஞ்சுபோச்சு." அவருக்குக் கோபம். உண்மையான கோபம், என்னில்தான். "எங்கடை அம்மா சேறு தோய்ச்ச கழகம் இது. உமக்கு என்ன வந்தது? ஏன் இதை என்ரை மடியிலை கொண்டுவந்து போடுறீர்?"

"என்ரை மடியிலை வைச்சிருக்க என்னாலை ஏலாமல் போச்சு," என்றேன்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் எழும்பினார். என்னைப் பார்க்காமல் கதவைத் திறந்து, நடையில் நின்று ஒவ்வொரு இலக்கமாகக் கத்தினார். அந்தச் சத்தத்துக்குக் கட்டடமே திறந்தது. பொடியன்கள் செருப்போடும் ஈரத் தலையோடும் வந்தார்கள். அவரவர் பையை அவரவரே திறந்து, சேறு பட்ட சீட்டை எடுத்து, பெட்டிக்குள் போட்டார்கள். ஒருவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. லூக்காஸ் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"மறந்தே போனன் ரவி! நல்ல காலம் நீ கண்டாய்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். உடுப்பு அப்படியே கிடந்தது. தோய்த்துத்தானே ஆகவேண்டும்.

6. எண்ணினார்கள்

ஆறு மணிக்குப் பெட்டியை மூடி, சாப்பாட்டு மேசையில் கொட்டி எண்ணினார்கள். உதவிப் பயிற்சியாளர் ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட, கெர்லின்டே சத்தமாகச் சொன்னார். 'ஓம்', 'ஓம்', 'ஓம்' என்று போனது. நான் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன். முடிவில் கெர்லின்டே தொலைபேசியை எடுத்து அங்கே சொன்னார். 'ஓம்' இவ்வளவு, 'வேண்டாம்' மூன்று.

அங்கே கூட்டம் நீண்டது, கட்டை விழுத்துகிற கிழவர்கள் விடவில்லை. கடைசியில் செய்தி வந்தது. நிறைவேறிவிட்டது, மயிரிழையில். அந்த வலைப்பைச் சீட்டுகள் இல்லாதிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வந்திராது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே கணக்குப் பார்த்தேன். கெர்லின்டேயும் பார்த்திருப்பார்.

போகிற நாள் அவர் தகரப் பெட்டியை என்னிடம் தர நினைத்தார். வேண்டாம் என்றேன். அந்தப் பெட்டியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பலம் இல்லை. கைகொடுத்தார். கோபம் போயிருந்தது, களைப்புத்தான் மிச்சம், இரண்டு பேருக்கும். இப்போது அவர் தன் ஊரில் ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை செய்கிறார். இரண்டும் சேர்ந்து உருவான கழகம் ஒரு வருடம் மேல் பிரிவில் நின்றுவிட்டுத் திரும்ப இறங்கியது என்று எழுதினார். அதில் எனக்குச் சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை.

என் கொன்றாத்தோ பங்குனியோடு முடிந்தது. குவெஸ்தூராவில் வேலை தேடுகிறவனுக்குக் கொடுக்கிற ஒரு வருடப் பெர்மெஸோதான் கொடுத்தார்கள். சீசாவில் நான் திரும்ப மாடிப்படி துடைத்தேன், கூடவே சுமதியும். பிறகு வியா மக்வேதா என்கிற பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் இடம் கிடைத்தது. இன்றும் அங்கேதான். முழுக்கப் படுக்கை விரிப்பு. பொக்கற் இல்லாத துணி, நிம்மதி.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. பொத்தானை அமத்த முன் கண்ணாடியைப் பாருங்கள். ஒன்றைக் கண்டுவிட்டால், காணாத ஆளாகத் திரும்பிப் போகிறது லேசில்லை. அது நல்லதோ கெட்டதோ எனக்கு இன்றும் தெரியாது. உடம்பு நோகும், அதுமட்டும் தெரியும்.

சுமதிக்கு இந்தக் கதை முழுவதையும் நான் சொன்னது வேலை போன பிறகுதான். ஒரு சனிக்கிழமை கபோச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நடந்து வரும்போது சொன்னேன். அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரன் ஹோர்ன் அடித்தான்.

"என்னப்பா நீங்கள்? ஒரு பொத்தானை அமத்தியிருந்தால் இண்டைக்கு நான் படி துடைக்கத் தேவையில்லையே. அந்தப் பொடியன்கள் உங்களை நினைச்சுப் பாக்கிறாங்களே? ஒருத்தனுக்காவது தெரியுமே?"

"இல்லை. தெரியாது."

"அப்ப என்னத்தைக் கண்டீங்கள்?"

"இஞ்சாரும், 'வேண்டாம்' மூண்டு எண்டு கெர்லின்டே ரெலிபோனிலை சொன்னவ. அங்கை, அந்தப் பெரிய மண்டபத்திலை, அத்தினை சனத்துக்கும் முன்னாலை, பலெர்மோவிலை மூண்டு பேர் வேண்டாமெண்டு சொல்லினம் எண்டு வாசிச்சவை. மற்ற ரெண்டும் ஆரெண்டு எனக்குத் தெரியாது."

அவள் பையைக் கைமாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒண்டு நான்," என்றேன்.